கை கழுவும் பாடமும் வற்றிய பீலியும்

குழந்தைகள் நோயுறுவதற்குத் தாய்மாரின் அறியாமையே காரணம் என்பது நம் கனவான்களின் வேதவாக்கு. சுகாதாரச் சொற்பொழிவு நிகழும் கண்டி மண்டபங்களில் இவ்வாக்கு ஒலிக்காத நாளில்லை. கலஹாவிலும் தெல்தோட்டையிலும் லயக் காம்பராவில் வாழும் தாய் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுகிறாள்.

என் வகுப்பில் 'சுத்தம்' பற்றிக் கட்டுரை எழுதுவித்தேன். தோட்டத்து மாணவி ஒருத்தி, தம்பிக்குச் சவர்க்காரமிட்டுக் கை கழுவப் பழக்கும் முறைகளை வரிசையாக எழுதி, இறுதியில், "பீலியில் தண்ணீர் வரும் நாள்களில் இவற்றைச் செய்வோம்" என்று முடித்திருந்தாள். சிவப்பு மையுடன் திகைத்தேன். எழுத்தில் பிழையில்லை, பிழை வேறிடத்தில் இருந்தது.

இது புதிய கதையன்று. 1916இல் ராக்பெல்லர் நிறுவனம் மாத்தளைத் தோட்டங்களிலே கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. மருந்து புழுவை வெளியேற்றியது; போதனையும் நடந்தது. ஆனால் மலசலகூடம் கட்டும் செலவுக்குத் தோட்ட முதலாளிகள் பலர் தயங்கினர். அசுத்தமான மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து நுழையும் புழு, மருந்துண்டவனையே மீண்டும் பற்றியது. இலாபம் கப்பலேறியது, பழி தொழிலாளியின் பழக்கவழக்கத்தின் மேல் ஏறியது!

2016ஆம் ஆண்டின் தேசிய அளவீட்டைப் பாருங்கள். ஐந்து வயதுக்குட்பட்டோருள் வளர்ச்சி குன்றியோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17, தோட்டப்புறத்திலோ 32. தோட்டத்துத் தாய்மார் மட்டும் இருமடங்கு அறியாமையுடன் பிறந்தனரா?

சுகாதாரக் கல்வி வேண்டாமென்று நாம் கூறவில்லை. சவர்க்காரமிட்டுக் கழுவிய கை வயிற்றோட்டத்தைக் குறைக்கும். அதைக் கற்பிப்பது நம் கடன். ஆயினும் வங்காளதேசத்திலும் கென்யாவிலும் நடைபெற்று 2018இல் வெளியான ஆய்வுகளை மறக்கலாகாது. குடிநீர்த் தூய்மை, கழிப்பறை, கை கழுவல் ஆகிய வீட்டளவிலான ஏற்பாடுகள் குழந்தையின் உயரத்தைக் கூட்டவில்லை. சத்துணவு கொடுத்தபோதே சிறிதளவு கூடியது. வறுமையைச் சவர்க்காரத்தால் கழுவ இயலாது.

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே! பாடத்தை நிறுத்தாதீர்கள், பாதியில் விட்டுவிடாதீர்கள். கிருமியைப் பற்றிக் கற்பிக்கும் நாவு, குழாய் நீரையும், குடும்பத்துக்கொரு மலசலகூடத்தையும், பிள்ளைக்காம்பராவில் சத்துணவையும், வயிறு நிரம்பும் கூலியையும் கேட்கட்டும். தாயிடம் கேள்வி கேட்டது போதும். பீலியை வற்றவிட்டவர்களிடம் இனிக் கேட்போம்.