முயலுக்கு எந்த வரப்புக் கீரை?

போன தை மாசம் பேத்தி பிறந்தநாளுக்கு மருமகன் தஞ்சாவூரிலிருந்து ஒரு ஜோடி வெள்ளை முயல் வாங்கி வந்தார். ஒரத்தநாடு பக்கம் எங்க ஊர்ல ஆடு, மாடு பழக்கம், முயல் புதுசு. "இதுக்கு என்ன தாத்தா போடணும்?" என்று பிள்ளை கேட்டது. "இலைதழை எதைப் போட்டாலும் தின்னும்டா" என்றேன்.

சந்தையில் முட்டைக்கோஸ், காலிபிளவர் மேல் இலைகளைக் கழித்துப் போட்டிருப்பார்கள். காசு கிடையாது. ஒரு பை நிறைய அள்ளி வந்து போட்டேன். மறுநாளே பெட்டை முயல் வயிறு உப்பி மூலையில் சுருண்டுகிட்டது. மூன்றாம் நாள் காலையில் கூண்டில் ஒன்றுதான் உயிரோடு இருந்தது. பிள்ளை என்னோட ஒரு வாரம் பேசலை.

கால்நடை மருத்துவர் விளக்கிச் சொன்னார். முயலுக்கு வாந்தி எடுக்க வராது. தின்றதெல்லாம் குடலுக்குள் புளித்துத்தான் செரிக்கணும். பழக்கமில்லாத இலையைத் திடீர்னு நிறையப் போட்டால் வாயு கட்டி, குடல் நின்றுவிடும். கோஸ் இலை அதில் ரொம்ப மோசம். கடைசியா, "அந்த இலைக்கு என்ன மருந்து அடிச்சாங்கன்னு தெரியுமாய்யா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. கோஸ் வயலில் அடிக்கிற மருந்து முதலில் விழுவது மேல் இலையில்தான். அதை உரித்துத்தானே நாம சமைக்கிறோம்? அந்த உரித்ததைத்தான் நான் முயலுக்குப் போட்டேன்.

மிச்சமிருந்த கடுவனைக் காப்பாற்றக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். முயலுக்குச் சாப்பாடு என்றால் புல்தான்: அருகம்புல், நிழலில் காய வைத்த புல். கீரை அதற்குத் தொட்டுக்கொள்ள. கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி இலை எல்லாம் மாற்றி மாற்றி ஒரு பிடி போதும். அகத்தி, முருங்கை, வேலிமசால் சத்தானவை. ஆனால் சுண்ணாம்புச் சத்து அதிகம் என்பதால் வளர்ந்த முயலுக்குத் தினமும் வேண்டாம். பசலையும் தண்டுக்கீரையும் எப்போதாவது கொஞ்சம். புதுக் கீரை எதுவானாலும் முதல் நாள் ரெண்டு இலை கொடுத்துப் பார்க்கணும். மரவள்ளி இலை, தக்காளிச் செடி, எருக்கு, அரளி, ஊமத்தை பக்கமே போகக்கூடாது. நமக்கு மூலிகையான குப்பைமேனியும் முயலுக்கு நஞ்சு. வாய்க்கால் கரையில் மண்டிக் கிடக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அப்படித்தான்.

பட்டியல் தெரிஞ்சுடுச்சு. அருவாளோடு புல் அறுக்கக் கிளம்பினால், எங்கே அறுப்பது? பக்கத்து வரப்பெல்லாம் பழுத்துக் காய்ந்து கிடக்கு. களைக்கொல்லி அடித்த வரப்பு அது. அடிச்சு ரெண்டு நாள் வரைக்கும் பச்சையாத்தான் நிற்கும், பார்த்தால் தெரியாது. கிளைபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர் தவிர யாரும் பயன்படுத்தக்கூடாது என்று ஒன்றிய அரசு 2022-இல் அறிவிக்கை போட்டது. நம்ம ஊர்ல கைத்தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கிட்டு, கால்ல செருப்புகூட இல்லாமல் அடிக்கிறது யாரு? நம்ம பிள்ளைகள்தானே!

எங்க அம்மா நடவுக்குப் போய்த் திரும்பும்போது மடி நிறையப் பொன்னாங்கண்ணியும் கரிசலாங்கண்ணியும் கொண்டு வருவாங்க. காசு கொடுத்து வாங்கிய கீரை எங்க வீட்டில் கிடையாது. வரப்பை வெட்டிக் கழிக்க ஆள் கிடைக்கலை, கூலி கட்டுபடியாகலை என்பது உண்மைதான். நானும் அந்தக் கஷ்டம் பட்டவன். ஆனால் முயலுக்கு ஒரு பிடி புல் நம்பி அறுக்க முடியாத வரப்பில்தான் நம்ம மாடு மேயுது. அந்தப் பாலைத்தான் பேத்தி குடிக்கிறாள். முயல் உருவத்தில் சின்னது, அதனால் மூணே நாளில் காட்டிக் கொடுத்துவிட்டது. நமக்குத் தெரிய வருசக்கணக்காகும்.

அதனால் உழவர்களைக் கேட்டுக்கொள்வது இதுதான். இந்தக் குறுவையில் உங்க வயலில் ஒரு வரப்பையாவது மருந்து படாமல் விட்டு வையுங்க. பக்கத்து வயல்காரரிடமும் சொல்லி வையுங்க. எங்க வீட்டுக் கொல்லையை ஒட்டின வரப்பை நான் விட்டுவிட்டேன். இப்ப தினமும் சாயங்காலம் பேத்திதான் அங்கே புல் பறிக்கிறாள்.