செடிக்கு வயதானால் கொழுந்து எடுப்பவளா குற்றவாளி?



சம்பளம் கேட்டால் கம்பனிகளின் பதில் ஒன்றுதான்: "கிலோ போதாது." இப்போது இன்னொரு பேச்சும் அடிபடுகிறது. ஆய்வுகூடத்தில் இழைய வளர்ப்பு மூலம் புதுக் கன்று வரும், விளைச்சல் பெருகும், அதுவரை பொறுங்கள் என்கிறார்கள்.

இழைய வளர்ப்பு பொய்யல்ல. கிருமி நீக்கிய போத்தலில் சிறு குருத்தை வளர்த்து, ஒரே தாய்ச் செடியிலிருந்து ஏராளம் கன்றுகள் எடுக்கலாம். வாழையில் அது நன்றாகவே நடக்கிறது. ஆனால் தேயிலை மரவகை. தேநீருக்குச் சுவை தரும் அதே சாறு, வெட்டுவாயில் கறுத்துக் குருத்தைக் கெடுக்கிறது. போத்தலை விட்டு வெளியே வந்ததும் வாடிப்போகும் கன்றுகளும் உண்டு.

அதற்காகக் காத்திருக்கத் தேவையும் இல்லை. தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம் தெரிந்தெடுத்த 2025 போன்ற வீ.பீ. இனங்கள் பல பத்தாண்டுகளாக நம் நாட்டில் உள்ளன. ஓர் இலையோடு ஒரு துண்டுத் தண்டு போதும். தவறணையில் பையில் ஊன்றி, ஏறக்குறைய ஒரு வருடத்தில் கன்றாக்கிவிடலாம். அந்தக் கைவேலை நம் பெண்களுக்குத் தெரியும்.

பிறகு ஏன் மலைகளில் இன்னும் வெள்ளைக்காரன் காலத்து விதைத் தேயிலை? பழைய செடியைப் பிடுங்கி, குவாத்தமாலாப் புல் வளர்த்து மண்ணைத் தேற்றவே ஒன்றரை, இரண்டு வருடம் போகும். நட்ட பிறகும் சில வருடம் பொறுக்க வேண்டும். அதுவரை அந்த மலையில் இலாபம் இல்லை. காரணம் அதுதான். 100 ஏக்கருக்கு வருடம் 2 ஏக்கராவது மீள்நடுகை வேண்டும் என்பது பரிந்துரை. 1992இல் தோட்டங்களைப் பொறுப்பேற்ற கம்பனிகள் மொத்தத்தில் அதை எட்டவில்லை.

நடாதது நிர்வாகம். அரைப்பேர் விழுவது நமக்கு! இது என்ன நியாயம்?

நாம் கேட்பது இவை:

ஒவ்வொரு தோட்டமும் வருடம் எத்தனை ஏக்கர் மீள்நடுகை செய்தது என்பதைப் பெரட்டுக் களத்தில் எழுதி ஒட்ட வேண்டும்.

கிழட்டு விதைத் தேயிலை மலைக்கும் வீ.பீ. மலைக்கும் ஒரே கிலோ கேட்கக் கூடாது.

தவறணை, பிடுங்கல், நடுகை வேலைகளுக்கு முழுப்பேர் வேண்டும்.

ஆய்வுகூட வேலை வந்தால், தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சியும் இடமும் வேண்டும்.

விஞ்ஞானத்துக்கு நாம் எதிரியல்ல. விஞ்ஞானத்தைக் காட்டிச் சம்பளத்தைத் தள்ளிப்போடுவதற்கே எதிரி. அடுத்த மாவட்டக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் தோட்டத்தில் கடைசியாகப் புதுக் கன்று நட்டது எந்த வருடம், எந்த மலை என்று கேட்டறிந்து வாருங்கள்.