மாடல் கப்பலா? முதலில் எக்செல்லைத் திறங்கள்!

புதுக் கம்ப்யூட்டரில் பாட்டு, கேம்ஸ் மட்டும்தானா? ரேடியோ கன்ட்ரோல் கப்பல் செய்ய ஆசைப்படும் நண்பர்களே, பலகையை அறுக்கும் முன் எக்செல்லில் கணக்குப் போடுங்கள். ஸ்கேலை முடிவு செய்ய வேண்டியது நீளம் அல்ல, எடை என்பது என் கருத்து.

கொச்சியில் கட்டப்பட்டு 2022-ல் கடற்படையில் சேர்ந்த ஐ.என்.எஸ். விக்ராந்த்தை எடுத்துக்கொள்வோம். நீளம் 262 மீட்டர், அகலம் 62 மீட்டர், முழுச் சுமையுடன் எடை சுமார் 43,000 டன். நீளத்தை ஸ்கேல் எண்ணால் ஒருமுறை வகுத்தால் போதும். எடையை மூன்று முறை வகுக்க வேண்டும்.

ஒரு செல்லில் ஸ்கேல் எண்ணை மாற்றி மாற்றி டைப் செய்து பாருங்கள்.

1:100 – 2.62 மீட்டர், 43 கிலோ.
1:200 – 1.31 மீட்டர், 5.4 கிலோ.
1:350 – 75 செ.மீ., 1 கிலோ.

நீளம் பாதியானால் எடை எட்டில் ஒரு பங்காகிறது! திருநெல்வேலி டவுணின் குறுகிய மாடிப்படியில் 43 கிலோ கப்பலை இறக்கி நயினார்குளம் வரை யார் தூக்குவது? 1:350-லோ உடல், மோட்டார், பேட்டரி, ரிசீவர் எல்லாம் சேர்ந்து ஒரு கிலோவுக்குள் அடங்க வேண்டும். மீறினால் கப்பல் அளவுக்கு மேல் அமிழும்.

வேகத்தை ஸ்கேல் எண்ணின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். விக்ராந்த்தின் 28 நாட், 1:200-ல் மணிக்கு 3.7 கி.மீ. அதாவது நாம் நடக்கும் வேகம். பெரிய மோட்டாருக்குச் செலவழிக்க வேண்டாம்.

முதல் கப்பலுக்கு 1:200 போதும். ஒருவரே தூக்கிச் செல்லலாம். தூக்க முடிந்த கப்பல்தான் தண்ணீரைப் பார்க்கும்.