மஞ்சளுக்குப் பட்டா!

கதிர் அறுக்கும்போது விரலில் அரிவாள் பட்டுவிட்டால் நம் பெண்கள் என்ன செய்கிறார்கள்? மஞ்சளைக் குழைத்துப் பூசி, துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு மறுபடி வயலில் இறங்குகிறார்கள். இந்த வைத்தியத்தை எந்தக் கம்பெனியும் அவர்களுக்குக் கற்றுத் தரவில்லை. பாட்டிக்கு அவளுடைய பாட்டி சொன்னது இது.

இந்த மஞ்சளுக்குத்தான் 1995 மார்ச்சில் அமெரிக்காவிலே பட்டா எழுதப்பட்டது! காயத்தை ஆற்ற மஞ்சளை உபயோகிக்கும் முறைக்கு மிசிசிப்பி சர்வகலாசாலையின் மருத்துவ நிலையம் பேடண்ட் கேட்டது. அமெரிக்கப் பேடண்ட் ஆபீசும் முத்திரை குத்திக் கொடுத்தது.

பேடண்ட் என்பது என்ன? நிலத்துக்குப் பட்டா இருப்பதுபோல, கண்டுபிடிப்புக்கு ஒரு பட்டா. இந்தியச் சட்டப்படி இன்று அதன் ஆயுள் 20 ஆண்டு. அதுவரை பட்டாதாரரின் அனுமதியின்றி வேறு யாரும் அந்தப் பொருளைச் செய்யவோ விற்கவோ கூடாது. புதிய கண்டுபிடிப்புக்கே பேடண்ட் என்பது விதி. ஆனால் ஊர்ப் புறம்போக்கை மிராசுதார் வளைத்துக் கொள்வதுபோல, ஊரார் அனைவருக்கும் சொந்தமான அறிவையும் வளைத்துக் கொள்ளப் பார்த்தார்கள்.

இந்தியாவின் விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் 1996-ல் எதிர்வழக்காடியது. பழைய ஏடுகளையும், 1953-ல் இந்திய மருத்துவச் சங்கத்தின் பத்திரிகையில் வந்த கட்டுரையையும் அத்தாட்சியாக வைத்தது. 1997 ஆகஸ்டில் அந்தப் பேடண்ட் ரத்தாயிற்று. இது நல்ல வெற்றி. ஆனால் பொதுமக்கள் பணத்தில் நடக்கும் ஸ்தாபனம் ஒன்று இருந்ததால்தான் போராட முடிந்தது என்பதை மறக்கக் கூடாது.

சரி, உண்மையிலேயே புதிதான கண்டுபிடிப்பு என்றால் பலன் யாருக்கு? 1965-ல் டூபான் கம்பெனியின் ஆராய்ச்சிச்சாலையில் சம்பளத்துக்கு உழைத்த ஸ்டெபனி குவோலெக் என்ற அம்மையார் ஓர் இழையைக் கண்டார். எடைக்கு எடை பார்த்தால் எஃகைவிட ஐந்து மடங்கு வலுவுள்ளது. அதிலிருந்து வந்ததே கெவ்லார். துப்பாக்கிக் குண்டைத் தாங்கும் அங்கியும், வெட்டுக்காயம் படாமல் காக்கும் கையுறையும் அதிலே செய்கிறார்கள். பேடண்டின் ராயல்டி அந்த அம்மையாருக்கு அல்ல, கம்பெனிக்கே போயிற்று. நூற்றவனுக்குக் கூலி, நூல் முதலாளிக்கு. மில் தோழர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்லவே!

கண்டுபிடித்த பாதுகாப்பு, தேவைப்படுகிறவனுக்குப் போய்ச் சேருகிறதா? 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் ஜில்லாவில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலியாட்களுமாக 20 பேருக்கு மேல் மாண்டார்கள். மருந்து தெளிப்பவருக்குத் தகுந்த பாதுகாப்பு உடை வேண்டும் என்று 1971-ம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளிலேயே இருக்கிறது. சாதாரண ரப்பர் கையுறைக்கு இன்று எந்தப் பேடண்டும் தடையாக இல்லை. அதை வாங்கித் தரும் செலவையும் லாபத்தில் நஷ்டமாகப் பார்க்கும் புத்திதான் தடை!

விஞ்ஞானத்தோடு நமக்குச் சண்டையில்லை. புதிய துணியும் புதிய மருந்தும் வரட்டும். ஏகபோகம்தான் கூடாது என்கிறோம்.

நாட்டுக்கு வழி தெரியாமலும் இல்லை. வெள்ளைக்காரன் 1911-ல் போட்ட பேடண்ட் சட்டத்தை ஆராய்ந்து நீதிபதி ராஜகோபால ஐயங்கார் 1959-ல் அறிக்கை தந்தார். 1970-ல் புதுச் சட்டம் வந்தது. மருந்துக்கும் உணவுக்கும் செய்முறைக்கு மட்டுமே பேடண்ட், பொருளுக்குக் கிடையாது என்றாயிற்று. அதனால் நம் தொழிற்சாலைகள் மலிவாக மருந்து செய்தன. உலக வர்த்தக ஸ்தாபனத்தின் நிபந்தனைக்குப் பணிந்து, 2005-ல் பொருளுக்கான பேடண்டைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இடதுசாரிகள் பார்லிமெண்டில் போராடியதால் சில காப்புகளாவது சட்டத்தில் நுழைந்தன. பரம்பரை அறிவுக்குப் பேடண்ட் இல்லை என்ற விதியும் இன்று சட்டத்தில் இருக்கிறது. இவற்றில் ஓர் எழுத்தைக்கூடக் குறைக்க விடலாகாது.

தோழர்களே! வேலை செய்யும் கைக்குக் கையுறை கேளுங்கள். மருந்தடிப்பவருக்கு உடையும் முகமூடியும் கேளுங்கள். ஆலையில் முதலுதவிப் பெட்டி காலியாகக் கிடந்தால் சங்கத்தின் மூலம் மானேஜரைக் கேளுங்கள். தனியாகக் கேட்டால் வேலை போகும். சங்கமாகக் கேட்டால் பதில் வரும்.

அறிவு மக்கள் சொத்து. அதற்குப் பட்டா போட எவனுக்கும் உரிமையில்லை!