கழிவு லாரிக்கு ஊரின் உரிமமும் வேண்டும்

2024 டிசம்பரில் திருநெல்வேலிக்கு அருகே கோடகநல்லூர், பழவூர், கொண்டாநகரம் பகுதிகளில் மூட்டை மூட்டையாக மருத்துவக் கழிவு கிடந்தது. ஊசிகளுக்கும் மருந்துக் குப்பிகளுக்கும் நடுவே நோயாளிகளின் சிகிச்சைச் சீட்டுகளும் கிடந்தன. அவற்றில் அச்சிட்டிருந்த முகவரிதான், கழிவு திருவனந்தபுரத்து மருத்துவமனைகளிலிருந்து வந்தது என்று காட்டிக்கொடுத்தது. மூன்று நாளில் அள்ளிக்கொண்டு போகும்படி கேரளத்துக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உத்தரவிட்டது. டிசம்பர் 22ஆம் தேதி கேரள அதிகாரிகள் லாரிகளோடு வந்து ஏற்றிச் சென்றார்கள், சிலர் கைதானார்கள். பலரும் இதை இரு மாநிலங்களுக்கு இடையிலான தகராறாகவே பார்த்தார்கள். ஆனால் இதில் கவனிக்க வேண்டியது வேறு. அரசாங்கத்தின் எந்தப் பதிவேடும் இந்தக் கழிவைப் பிடித்துக் கொடுக்கவில்லை. கொட்டியவர்கள் சீட்டுகளை மட்டும் பொறுக்கி எரித்திருந்தால், கழிவு எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டுபிடிக்க வழியே இருந்திருக்காது. ஆபத்தான கழிவை ஏற்றும் வண்டிக்கும் சேர்த்துவைக்கும் கிடங்குக்கும், மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரத்தோடு அந்தந்த உள்ளாட்சியின் உரிமத்தையும் கட்டாயமாக்காத வரை இந்த நிலை மாறாது.

இது புதிய நோயும் அல்ல. 2001 மார்ச்சில் கொடைக்கானலின் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் கலந்த கண்ணாடிச் சில்லுகள் 7.4 டன் குவிந்து கிடந்தன. இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வெப்பமானி ஆலையிலிருந்து வந்த கழிவு அது. அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர்கள் உள்ளூர் மக்களும் சூழலியல் ஆர்வலர்களும்தான். அதன் பிறகே ஆலை மூடப்பட்டது; 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. பெரிய ஆலை, அரசின் கண்காணிப்புக்கு உட்பட்ட ஆலை. அதன் கழிவு வாசலைத் தாண்டிக் கடைத்தெருவுக்கு வந்ததும் எந்த ஏட்டிலும் இல்லாமல் போனது. நெல்லையிலும் கொடைக்கானலிலும் கழிவு உருவான இடம் அதிகாரிகளுக்குத் தெரிந்த இடம்தான். அது போய்ச் சேர்ந்த இடம்தான் யாருக்கும் தெரியவில்லை. கண்டுபிடித்தவர்கள் இரண்டு முறையும் ஊர்க்காரர்கள்.

சட்டத்தில் ஏற்பாடு இல்லாமல் இல்லை. 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி, ஒவ்வொரு லோடுக்கும் ‘மேனிஃபெஸ்ட்’ என்ற படிவம் ஏழு நகல்களில் எழுதப்பட வேண்டும். வெள்ளை நகல் மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு; மஞ்சள், அனுப்பும் ஆலைக்கு; இளஞ்சிவப்பு, பெற்றுக்கொள்ளும் நிலையத்துக்கு; ஆரஞ்சு, லாரிக்காரருக்கு. பச்சை நகலைப் பெற்றவர் வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். நீல நகல், சரக்கு வந்து சேர்ந்தது என்பதற்குச் சாட்சியாக ஆலைக்கே திரும்ப வேண்டும். வேறு மாநிலத்துக் கழிவு என்றால் சாம்பல் நிற நகல் அந்த மாநில வாரியத்துக்குப் போகும். நன்றாக யோசித்துச் செய்த ஏற்பாடு. ஆனால் ஏழில் ஒன்றுகூட ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ கிடையாது. மருத்துவக் கழிவுக்குத் தனி விதிகள் உண்டு. பைகளுக்குப் பார்கோடு வேண்டும். சுத்திகரிக்காமல் 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அங்கேயும் உள்ளாட்சிக்கு உள்ள வேலை முக்கியமாக இரண்டுதான்: பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு இடம் ஒதுக்குவது, மருத்துவமனையின் சாதாரணக் குப்பையை அள்ளுவது. எந்த வண்டி தன் எல்லைக்குள் எதை ஏற்றி இறக்குகிறது என்று அறியும் உரிமை அதற்கு இல்லை.

கோளாறு நடப்பது ஆலை வாசலுக்கும் சுத்திகரிப்பு நிலையத்தின் வாசலுக்கும் நடுவில். கோவையிலிருந்து கும்மிடிப்பூண்டியில் உள்ள பொதுக் கழிவு மையத்துக்கு 500 கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரம் ஓட்டி, அங்கே கட்டணமும் கட்டுவதைவிட, வழியில் ஒரு கைவிடப்பட்ட கல்குவாரியிலோ ஓடைப் புறம்போக்கிலோ கவிழ்த்துவிட்டால் டீசலும் மிச்சம், கட்டணமும் மிச்சம். அந்த இடத்தை வாரியத்தின் மாவட்டப் பொறியாளர் தினமும் போய்ப் பார்க்க முடியாது. கிராம நிர்வாக அலுவலர், துப்புரவுப் பணியாளர், மேல்நிலைத் தொட்டி இயக்குபவர், ஆடு மேய்ப்பவர் ஆகியோர் கண்ணில்தான் அது முதலில் படும். ஆனால் ராத்திரி பதினோரு மணிக்குக் குவாரிப் பாதையில் நிற்கும் லாரியை ஊர்க்காரர் ஒருவர் மறித்தால், அது முறையாக வந்ததா, திருட்டுத்தனமாக வந்ததா என்று சரிபார்க்க அவர் கையில் எதுவும் இல்லை. உள்ளாட்சி தந்த உரிம எண் லாரியின் பக்கவாட்டில் பெரிதாக எழுதப்பட்டிருந்து, அதை யாரும் செல்பேசியில் சரிபார்க்க முடிந்தால், அந்த ஊர்க்காரரின் சந்தேகம் அங்கேயே புகாராக மாறும்.

உள்ளாட்சிகளுக்கு இந்த அதிகாரம் புதிதும் அல்ல. அபாயமான, அருவருப்பான தொழில்களுக்கு உரிமம் தரும் பொறுப்பு நகராட்சிகளிடம் நெடுங்காலமாக இருக்கிறது. நகராட்சி அலுவலகங்களில் ‘டி அண்ட் ஓ’ என்று சுருக்கமாகச் சொல்வது இதைத்தான். மாவு மில்லுக்கும் மரக்கடைக்கும் இந்த உரிமம் கேட்கும் ஊரில் பாதரசம் ஏற்றிய வண்டிக்கு எதுவும் கேட்பதில்லை என்பதுதான் விசித்திரம். 2022இல் தமிழ்நாட்டு நகராட்சிச் சட்டங்கள் திருத்தப்பட்டு, செப்டிக் டேங்க் கழிவு எடுக்கும் லாரிகளுக்கு உள்ளாட்சி உரிமம் கட்டாயமாக்கப்பட்டது. ஜிபிஎஸ் கருவியும் கேட்கிறார்கள். ஏரியில் கழிவுநீரைத் திறந்துவிடும் லாரியைப் பிடிக்க ஏற்ற வழி இது என்று அரசே ஒப்புக்கொண்டிருக்கும்போது, அதைவிடக் கொடிய சரக்குக்கு மட்டும் வேறு நியாயம் எப்படிப் பொருந்தும்?

ஊராட்சி எழுத்தருக்குக் குரோமியமும் காட்மியமும் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். தெரிய வேண்டியதில்லை. கழிவின் தன்மை என்ன, எந்தக் கலத்தில் அடைக்க வேண்டும், எப்படி எரிக்க வேண்டும் என்பதெல்லாம் வாரியத்தின் வேலையாகவே இருக்கட்டும். வண்டி எது, எங்கே நிறுத்தப்படுகிறது, கிடங்கு எந்தச் சர்வே எண்ணில் இருக்கிறது, எந்த நேரத்தில் லோடு இறங்குகிறது என்பவற்றைத்தான் உள்ளாட்சி பார்க்க வேண்டும். இதற்கு வேதியியல் பட்டம் தேவையில்லை. சுமார் 12,500 ஊராட்சிகளில் பலவற்றுக்கு ஆள்பலம் இல்லை என்பது உண்மை. ஆகவே ஊரகத்தில் இந்தப் பணியை ஊராட்சி ஒன்றிய அளவில் வைக்கலாம். கலிஃபோர்னியாவில் குப்பை நிலையங்களுக்கு அனுமதி தருவதும் மாதந்தோறும் ஆய்வு செய்வதும் உள்ளூர் அமலாக்க முகமைகள்தான். மாநில அமைப்பின் ஒப்புதல் இல்லாமல் அந்த அனுமதி செல்லாது. அபாயகரக் கழிவு ஏற்றும் வண்டிகளின் பதிவை மாநிலமே வைத்துக்கொண்டிருக்கிறது. நாம் அதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இரண்டு அடுக்குகள் வேலையைப் பிரித்துக்கொள்ள முடியும் என்பதே இங்கே தேவையான பாடம்.

இன்னொரு உரிமம் என்றால் இன்னொரு கை நீளும் என்ற அச்சம்தான் இதைவிட வலுவான ஆட்சேபம். வேலியே பயிரை மேய்வதைப் பார்த்துப் பழகிய நாட்டில் இதை ஒதுக்கித் தள்ள முடியாது. ஆனால் லஞ்சம் செழிப்பது, கோப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாத இடத்தில். விண்ணப்பம், முடிவு, காரணம், உரிமத்தின் காலம் அனைத்தும் பொதுவெளியில் இருக்க வேண்டும். குறிப்பிட்ட நாட்களுக்குள் பதில் தராவிட்டால் விண்ணப்பம் தானாக ஆட்சியரிடம் போக வேண்டும். கோவையிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை ஒவ்வோர் ஊரிலும் உரிமம் வாங்கச் சொல்வதும் நியாயமல்ல. வண்டி நிற்கும் ஊர், சரக்கு ஏறும் ஊர், இறங்கும் ஊர் ஆகிய மூன்றின் பதிவு போதும். வழியில் உள்ள ஊர்கள் அந்தப் பதிவேட்டைப் பார்க்க முடிந்தால் சரி. நேர்மையாகத் தொழில் செய்யும் லாரிக்காரருக்கு இதனால் கூடுதல் செலவு சிறிது உண்டு. ஆனால் கள்ளத்தனமாகக் கொட்டிவிட்டுப் பாதி விலைக்கு ஒப்பந்தம் எடுப்பவரோடு இப்போது போட்டியிட முடியாமல் தவிப்பவரும் அவர்தான்.

அதிகாரம் கிடைத்தால் எல்லா ஊரும் ‘எங்கள் ஊரில் வேண்டாம்’ என்று தீர்மானம் போட்டுவிடாதா? இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. போதிய சுத்திகரிப்பு நிலையங்கள் இல்லாத இடத்தில்தான் கழிவு எல்லை தாண்டுகிறது. கேரளத்தின் மருத்துவக் கழிவுக்குப் பல ஆண்டுகள் பாலக்காட்டில் இருந்த ‘இமேஜ்’ நிலையத்தையே பெரிதும் நம்பியிருந்தார்கள். ஆகவே நிலையம் எங்கே அமைய வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் மாநிலத்திடமே இருக்கட்டும். அமைந்த பிறகு எந்த நேரத்தில் வண்டிகள் வரலாம், எந்தச் சாலையில் வரலாம், நிலத்தடி நீர்ச் சோதனை முடிவுகளை எங்கே ஒட்ட வேண்டும் என்ற நிபந்தனைகளை விதிக்கவும், மீறினால் உரிமத்தை நிறுத்திவைக்கவும் உள்ளாட்சிக்கு உரிமை வேண்டும். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாத நிலையத்தைத்தான் ஊர் முழு மூச்சாக எதிர்க்கிறது. கேள்வி கேட்கவும் நிறுத்தவும் வழி இருக்கும் இடத்தில் பேச்சுக்கு இடம் உண்டு.

நெல்லைச் சம்பவத்துக்குப் பிறகு, மருத்துவக் கழிவைக் கொட்டுபவர்களைக் குண்டர் சட்டத்தில் அடைக்க வகை செய்யும் திருத்தத்தைச் சட்டமன்றம் 2025 ஏப்ரலில் நிறைவேற்றியது. கோபம் புரிகிறது. ஆனால் தடுப்புக்காவல் என்பது கொட்டிய பிறகு வருவது. அதில் முதலில் சிக்குபவர் ஓட்டுநரும் ஊர்த் தரகரும். கழிவைக் கையைவிட்டுக் கழித்தால் போதும் என்று மலிவான ஒப்பந்ததாரருக்குக் கொடுத்த மருத்துவமனையும் ஆலையும் அடுத்த லாரியைத் தேடிக்கொள்ளும். லோடு போய்ச் சேர்ந்ததற்குச் சான்று இல்லாத ஒவ்வொரு முறையும் அனுப்பியவரிடம் கேள்வி போக வேண்டும் என்றால், அதைக் கவனித்துக்கொண்டிருக்கும் ஓர் உள்ளூர் அலுவலகம் வேண்டும். இதற்காக மத்திய விதிகள் திருத்தப்படும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஊராட்சிகள் சட்டத்தின் கீழும் நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டத்தின் கீழும் தமிழ்நாடு அரசே உரிம விதிகளைக் கொண்டுவரலாம். மேனிஃபெஸ்டின் ஒரு பிரதியை உள்ளாட்சிக்குத் தருவதை அந்த உரிமத்தின் நிபந்தனையாக்கலாம். புளியரை, களியக்காவிளை, வாளையாறு வழியாக வண்டிகள் வந்து போகும் எல்லை மாவட்டங்களில் முதலில் தொடங்கி, பிறகு தொழில் மாவட்டங்களுக்கு விரிக்கலாம். சாலையும் குளமும் ஊருடையது, நோய் வந்தால் அதுவும் ஊருக்குத்தான் என்றிருக்கும்போது, அந்தச் சரக்கு எப்போது வருகிறது என்று அறியும் சட்டபூர்வ உரிமையை ஊருக்கு மறுப்பதற்கு இனி ஒரு நியாயமும் இல்லை.