காந்தமும் மூளையின் நெகிழ்வும்

கொல்லிமலையில் பிறந்த ஆங்கில மருத்துவர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் செயலிழந்த கட்டைவிரலுக்கு, மோதிரவிரலை மடக்கும் தசைநாண் ஒன்றை இடம்மாற்றித் தைப்பது அவர் கையாண்ட சிகிச்சைகளுள் ஒன்று. புண் ஆறியதும் நோயாளி, ‘மோதிரவிரலே, மடங்கு’ என்று எண்ணினால் கட்டைவிரல் அசையும்! பயிற்சியால்தான் மூளை இப்புதிய வழக்கத்தைக் கற்றுக்கொள்ளும்.

எவ்வாறு கற்கிறது? நரம்பணுக்கள் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்துக்கு ‘சினாப்ஸ்’ என்று பெயர். அடிக்கடி செய்தி கடக்கும் சந்தி வலுப்பெறலாம். பிளிஸ், லோமோ ஆகிய இருவரும் 1973-இல் முயல்களின் மூளையில் விரைவான மின்துடிப்புகளைச் செலுத்தி, சந்தியின் வலிமை பல மணி நேரம் உயர்ந்து நிற்பதைக் காட்டினர்.

மண்டையைத் திறவாமலே அத்தகைய துடிப்பை எழுப்பும் வழியை 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஆந்தனி பார்க்கர் கண்டார். தலைமேல் வைத்த கம்பிச்சுருளில் மின்சாரம் கணத்தில் பாய்ந்து மறையும். மாறும் காந்தப்புலம் எலும்பைக் கடந்து மூளையில் சிறு மின்னோட்டத்தைத் தூண்டும். சந்தையில் விற்கும் காந்தக் காப்புக்கும் இதற்கும் உறவே இல்லை. அசையாக் காந்தம் இவ்வாறு மின்னோட்டம் எழுப்பாது.

ஜெர்மனியில் 2012-இல், வளர்ப்புத் தட்டில் உயிருடன் வைத்த சுண்டெலி மூளைத் துண்டுகளுக்கு நொடிக்குப் பத்து வீதம் காந்தத் துடிப்புகள் தரப்பட்டன. நரம்பணுக்களின் சிறு முட்கள் பருத்தன, சந்திகள் வலுத்தன. சான்று அருமையானதே. ஆனால் உயிருள்ள எலியிடம் ஓர் இடர்ப்பாடு உண்டு: சுருளே எலியின் தலையைவிடப் பெரிது! மனிதருக்கு மூளையின் ஒரு பகுதியைத் தாக்கும் புலம், எலிக்கு ஏறத்தாழ முழு மூளையையும் தாக்கிவிடும். ஆகவே எலியில் பலித்தது நமக்கும் அப்படியே பலிக்கும் என்று கொள்ளலாகாது.

ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ பக்கவாதத்தால் கை விழுந்த தந்தையை வைத்துக்கொண்டு, “இச்சிகிச்சைக்குக் கடன் வாங்கலாமா?” என்று கலங்கும் குடும்பத்தாருக்கு இது முக்கியம். மருந்துக்கு அடங்காத மனச்சோர்வுக்கு 2008-இலேயே அமெரிக்க அரசு இதற்கு அனுமதி அளித்தது. பக்கவாதக் கைக்கோ ஆய்வு முடிவுகள் இன்னும் கலந்தே நிற்கின்றன. என் கருத்தில், நாள்தோறும் செய்யவேண்டிய கைப்பயிற்சிக்குத் துணையாக மட்டுமே இதை எண்ணலாம். பயிற்சியை நிறுத்திவிட்டு இதற்குப் பணம் கட்டுவது வீண். சிகிச்சைக்கு இசையுமுன், நோயாளிக்கு வலிப்பு வந்ததுண்டா, தலையில் உலோகமோ நெஞ்சில் பேஸ்மேக்கரோ பொருத்தப்பட்டுள்ளதா என்பதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.