அளவுகோல் யார் கையில்?

“மெஷின் பொய் சொல்லாதுங்க.” ஆலைப் புகையைக் கண்காணிப்பது பற்றிப் பேச்செடுத்தால் என் துறை நண்பர்கள் சொல்லும் முதல் வாக்கியம் இது. சரி, பொய் சொல்லாது. ஆனால் அது தூசியை எடைபோடுவதும் இல்லையே!

புகைபோக்கியின் குறுக்கே ஒளிக்கற்றை பாய்கிறது. துகள்கள் அதைக் கொஞ்சம் மறைக்கும், கொஞ்சம் சிதறடிக்கும். கருவிக்குத் தெரிவது அந்த ஒளி மட்டும்தான். அதைக் ‘கனமீட்டருக்கு இத்தனை மில்லிகிராம்’ என்று ஆக்க, அதே புகையை வடிதாளில் பிடித்து, எடைபோட்டு, ஒப்பிட்டு ஒரு பெருக்கெண் கண்டாக வேண்டும். எரிபொருளோ துகளின் அளவோ மாறினால் அந்த எண்ணும் மாற வேண்டும். மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் சொல்கிறேன்: அப்படி ஓர் எண்ணைத் திருத்த அரை நிமிடம் போதும்.

2014இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 17 வகை ஆலைகளுக்குத் தொடர் கண்காணிப்பைக் கட்டாயமாக்கியது. நல்ல காரியம். ஆனால் கருவியை வாங்குவதும் ஆலை, அதைப் பராமரிக்கப் பணம் தருவதும் ஆலை.

ஆலைக்காரர்கள் எல்லாரும் திருடர்களா என்று கேட்பீர்கள். இல்லை. கோளாறு ஏற்பாட்டில் இருக்கிறது. குஜராத்தில் ஆலைகளே தணிக்கையாளர்களை அமர்த்திச் சம்பளம் கொடுத்தன. துகளுக்கு வரம்பு 150 மில்லிகிராம். அறிக்கைகளோ அதற்குச் சற்றுக் கீழேயே வந்து குவிந்தன. எஸ்தர் டுஃப்லோவும் சகாக்களும் அங்கே ஒரு சோதனை செய்தார்கள். பொது நிதியிலிருந்து சம்பளம், எந்த ஆலைக்கு யார் என்பது குலுக்கலில், பிறகு மறுபரிசோதனை. தணிக்கையாளர்கள் உண்மையை எழுதத் தொடங்கினார்கள். ஆலைகளும் மாசைக் குறைத்தன. மாறியது கூலி கொடுக்கிற கை.

கருவியே வீண் என்று நான் சொல்லவில்லை. 2019இல் சூரத்தில் தொடர் கண்காணிப்பை நம்பியே துகள் மாசுக்கான அனுமதிச் சந்தை தொடங்கியது. அதில் சேர்ந்த ஆலைகளின் துகள் வெளியீடு 20 முதல் 30 சதவீதம் குறைந்தது.

எங்கள் செங்கத்துக்கு வடக்கே ஜவ்வாது மலை. அங்கே காவலூரில் 1986 முதல் 2.3 மீட்டர் தொலைநோக்கி நிற்கிறது. அதுவும் ஒளியை அளக்கிற கருவிதான். கருவியை எப்படிச் சரிபார்த்தாய் என்று சொல்லாத அளவை எந்த வானியலாளரும் ஏற்க மாட்டார். பல ஒளியாண்டு தள்ளியிருக்கிற நட்சத்திரத்துக்கு இந்த ஒழுங்கு உண்டு. புகைபோக்கிக்குக் கீழே மூச்சு விடுகிற பிள்ளைக்குக் கிடையாதா?

கேட்பது மூன்றுதான். சரிபார்ப்பவரை வாரியம் அனுப்பட்டும். அவருக்கான கூலி பொது நிதியிலிருந்து போகட்டும். மூல ஒளி அளவும், பெருக்கெண்ணும், அதை மாற்றிய தேதியும் எல்லாரும் பார்க்கும்படி இருக்கட்டும். அதுவரை திரையில் ஓடும் பச்சை எண் ஆலைக்காரர் தமக்குத் தாமே எழுதிக்கொள்ளும் நற்சான்று.